கழுத்துக் கட்டி: கத்தியா, ஊசியா?

கழுத்தில் ஒரு கட்டி தென்பட்டுவிட்டால் வீட்டார் அனைவரும் கலங்கிப் போகிறார்கள். "உடனே அறுத்து எறிந்துவிட வேண்டாமா?" என்பதே அவர்களுடைய முதற் கேள்வி. நேயர்கள் சற்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். தைராய்டு சுரப்பியில் தோன்றும் கட்டிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை புற்றுநோயல்ல, சாதுவான கட்டிகளே.

ரண சிகிச்சை பழைய முறை. ஸ்விட்ஸர்லாந்தில் பெர்ன் நகரத்து தியோடோர் கோக்கர் அதைச் செம்மைப்படுத்தி, 1909-ம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். சுரப்பியை முழுவதும் அகற்றினால் நோயாளியின் உடலும் அறிவும் மந்தமாகிவிடுவதை 1883-லேயே எடுத்துக் காட்டியவரும் அவரே. இன்று அக்குறையை மாத்திரை தீர்க்கிறது. ஆனால் அதை ஆயுள் பரியந்தம் தினந்தோறும் உட்கொள்ள வேண்டும். பாதிச் சுரப்பியை எடுத்தவர்களிலும் சிலருக்கு அது தேவைப்படுகிறது.

இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் கொரியாவிலும் இத்தாலியிலும் வளர்ந்த முறை வேறு. கழுத்தை மட்டும் மரத்துப் போகச் செய்து, அல்ட்ராஸவுண்டுத் திரையைப் பார்த்தவாறே மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்துகிறார்கள். ரேடியோ அலையினாலோ, லேசர் ஒளியினாலோ ஊசி முனையில் உஷ்ணம் உண்டாகிக் கட்டி வெந்து போகிறது. வெந்த பாகத்தைச் சரீரமே சிறிது சிறிதாகக் கரைத்துவிடும். ஓராண்டிற்குள் பெரும்பாலான கட்டிகள் பாதிக்கு மேல் சுருங்கிவிடுகின்றன. பெரிய தழும்பு இல்லை. பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். சுரப்பியின் நல்ல பாகமும் பிழைத்துக்கொள்ளும். வெறும் நீர்க்கட்டியானால், நீரை வடித்துவிட்டு ஆல்கஹால் செலுத்துவதே பெரும்பாலும் போதும்.

எனினும் ஊசியில் அபாயமே இல்லையென்று எண்ணலாகாது. குரல் நரம்பு கட்டிக்கு அருகிலேயே ஓடுகிறது. கத்தி பட்டாலும் சூடு பட்டாலும் குரல் கம்மிப் போகலாம். சுருங்கிய கட்டி சிலருக்கு மீண்டும் வளர்வதுண்டு. எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று: அறுத்தெடுத்த கட்டியைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்து முழுவதும் ஆராயலாம், வெந்து கரைந்த கட்டியை ஆராய முடியாது. ஆகையால், ஊசிமூலம் அணுக்களை எடுத்துச் சோதித்து, பொதுவாக இரு முறை உறுதி செய்துகொண்ட பிறகே இச்சிகிச்சையில் இறங்குவார்கள். சந்தேகத்திற்குரிய கட்டிக்கும், மார்பெலும்பின் பின்னால் இறங்கிவிட்ட பெருங்கட்டிக்கும் கத்தியே தக்கது.

மூன்றாவது வழியும் உண்டு, அதுதான் பொறுத்திருப்பது. விழுங்குவதற்கும் மூச்சு விடுவதற்கும் இடைஞ்சல் செய்யாத சாதுவான கட்டிக்குக் கத்தியும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். காலந்தோறும் பரிசோதனை செய்துகொண்டால் போதும். எனவே டாக்டரிடம், "எப்பொழுது அறுப்பது?" என்று கேட்பதற்கு முன், "இது எத்தகைய கட்டி? இதனால் எனக்கு என்ன தொல்லை?" என்று கேளுங்கள். அந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்தால், கத்தியா ஊசியா என்பதைத் தீர்மானிப்பது எளிதாகிவிடும்.