கொல்லிமலை வண்டிக்கு எந்த டயர்?

நாமக்கல் மாவட்டத்தில் கொல்லிமலையின் அடிவாரத்தில் இருக்கிறது முள்ளுக்குறிச்சி. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளுடன் சோளக்காட்டுக்கு ஏறும் சாலைக்கு மாற்றாக, இந்த ஊர் வழியாகவும் மலைக்குப் போகலாம். எந்த வழியாக ஏறினாலும், மேலே போனபின் நிலைமை ஒன்றுதான். வளப்பூர் நாடு, குண்டூர் நாடு, திண்ணனூர் நாடு, வாழவந்தி நாடு என்று நாடுகளாகப் பிரிந்து கிடக்கும் மலைக் கிராமங்களில், பல தோட்டங்களுக்கும் குடியிருப்புகளுக்கும் கடைசித் தூரம் மண் பாதைதான். மிளகு, காபி, மரவள்ளிக்கிழங்கு, பலா, வாழை என்று எது விளைந்தாலும் அது முதலில் செம்மண் சேற்றைக் கடந்து, பிறகு தார்ச்சாலையில் வளைந்து வளைந்து கீழே இறங்கியாக வேண்டும். இரண்டையும் ஒரே இருசக்கர வண்டிதான் செய்கிறது. மண்ணுக்கு ஒரு வண்டி, தாருக்கு ஒரு வண்டி என்று வாங்கி வைக்கும் வசதி இங்கே யாருக்கும் எளிதில் வாய்ப்பதில்லை. எனவே டயர் மாற்றும் நேரம் வரும்போதெல்லாம் ஒரு கேள்வி எழுகிறது: மண்ணைக் கவ்வும் பட்டன் டயரா, தாரில் நிற்கும் சாதாரண டயரா? மலைவாசிகளும் சரி, மலை ஏற வரும் இளைஞர்களும் சரி, பலர் பட்டன் டயர் பக்கமே சாய்கிறார்கள். கரடுமுரடான பாதைக்கு முரட்டு டயர்தான் பாதுகாப்பு என்ற எண்ணமே அதற்குக் காரணம். அந்த எண்ணம் தவறானது, ஆபத்தானது. இரண்டு தரையிலும் ஓட வேண்டிய வண்டிக்குத் தாரை முதலில் கருதியே டயர் வாங்க வேண்டும்.

டயர் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் இது விளங்கும். ஒரு மோட்டார் சைக்கிள் சக்கரம் எந்த நேரத்திலும் சாலையைத் தொடுவது ஏறக்குறைய ஓர் உள்ளங்கைப் பரப்பில்தான். வண்டியின் எடை, ஓட்டுபவர், மூட்டை, பிரேக்கின் விசை, திருப்பத்தின் விசை எல்லாவற்றையும் அந்தப் பரப்பே தாங்குகிறது. பட்டன் டயரில் ரப்பர் தனித்தனிக் கட்டிகளாக, நடுவே அகலமான இடைவெளியோடு நிற்கும். சேற்றில் அந்தக் கட்டிகள் மண்ணுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்கின்றன. சக்கரம் சுழலும்போது இடைவெளியில் ஒட்டிய சேறு உதறப்பட்டு, அடுத்த சுற்றுக்குப் பிடி மீண்டும் கிடைக்கிறது. தார்ச்சாலை கடினமானது, கட்டிகள் அதற்குள் இறங்க முடியாது. எனவே கட்டிகளின் தலைப்பகுதி மட்டுமே தரையைத் தொடும். அந்த உள்ளங்கைப் பரப்பில் பெரும் பங்கு வெறும் இடைவெளியாகப் போய்விடுகிறது. பிரேக் பிடிக்கும்போது உயரமான கட்டிகள் வளைந்து கொடுக்கின்றன. வண்டி சாயும்போது நடுவரிசையிலிருந்து ஓரவரிசைக்கு மாறும் இடத்தில் பிடி ஒரு கணம் தளர்கிறது. சாதாரண டயரிலோ ரப்பர் நெருக்கமாக இருக்கும். அதன் மெல்லிய பள்ளங்கள் மழைநீரை வெளியேற்றும், மீதிப் பரப்பு தாரை அழுத்திப் பிடிக்கும். சேற்றில் அந்தப் பள்ளங்கள் அடைத்துக்கொண்டு டயர் வழுக்குவது உண்மைதான். ஒன்றில் பெறுவதை மற்றொன்றில் விட்டுத்தான் ஆக வேண்டும். எதை விடலாம், எதை விடக் கூடாது என்று முடிவு செய்வதுதான் முக்கியம்.

மலையிலிருந்து இறங்கும்போது இந்தக் கணக்கு கடுமையாகிறது. இறக்கத்தில் பிரேக் பிடித்தால் எடை முன்பக்கம் சாய்கிறது. நிறுத்தும் வேலையில் பெரும் பங்கை முன்சக்கரமே செய்கிறது. கொண்டை ஊசி வளைவுக்குள் நுழையும்போது வேகத்தைக் குறைக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். இரண்டு விசையையும் ஒரே டயர் ஒரே நேரத்தில் தாங்குகிறது. மழை ஓய்ந்தபின் வளைவுகளில் மணலும் சரளையும் அடித்து வந்து கிடக்கும். வெயில் படாத இடங்களில் தார் ஈரமாகவே இருக்கும், சில இடங்களில் பாசியும் பிடித்திருக்கும். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயமாகிவிட்டதே என்று சிலர் ஆறுதல் கொள்வதுண்டு. ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுமே தவிர, டயரில் இல்லாத பிடியை அதனால் உண்டாக்க முடியாது. மலையில் சுமை இழுக்கும் சிறிய வண்டிகளுக்கோ அந்த விதியே பொருந்தாது. முன், பின் பிரேக்குகளைச் சேர்த்து இயக்கும் ஏற்பாடு மட்டுமே அவற்றுக்கு அப்போது கட்டாயமாக்கப்பட்டது.

அடுத்து, தவறினால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். மண் பாதையில் வண்டி நடைவேகத்தைவிடச் சற்றே அதிகமாகப் போகும். வழுக்கினால் காலை ஊன்றலாம். விழுந்தால் சிராய்ப்பு, மிஞ்சினால் எலும்பு முறிவு. தார்ச்சாலையில் வழுக்கினால் ஒரு பக்கம் பள்ளம், எதிர்ப்பக்கம் வளைவை அடைத்துத் திரும்பும் பேருந்து. சேற்றில் தோற்கும் டயர் நேரத்தையும் உழைப்பையும் வீணாக்கும். தாரில் தோற்கும் டயர் உயிரையே கேட்கும். மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். அதே ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு. இவற்றில் எத்தனை டயரால் நேர்ந்தவை என்று அந்தக் கணக்கு பிரித்துச் சொல்லவில்லை. ஆனாலும், சாலையில் அதிகம் சாகிறவர்கள் யார் என்பதை அது சந்தேகமில்லாமல் காட்டுகிறது.

இதே சிக்கலைப் பனிமலைக்காரர்கள் வேறு வடிவில் சந்திக்கிறார்கள். காஷ்மீரின் குல்மார்க்கில் இயந்திரத்தால் அழுத்திச் சமன்செய்த சரிவும் இருக்கிறது. கேபிள் காரில் அஃபர்வட் மலைக்கு ஏறினால் யாரும் தொடாத ஆழப்பனியும் இருக்கிறது. சமன்செய்த சரிவுக்கு, காலணிக்குக் கீழே 80 மில்லிமீட்டருக்கும் குறைவான இடையுள்ள பனிச்சறுக்குப் பலகை ஏற்றது. ஓரத்தை மாற்றி மாற்றி அழுத்தி விரைவாகத் திரும்பலாம். ஆழப்பனிக்கு 100 மில்லிமீட்டரைத் தாண்டிய அகலம் வேண்டும். இல்லையென்றால் பலகை புதைந்துவிடும். இரண்டிலும் சறுக்க ஒரே பலகை வேண்டும் என்பவர்களுக்காக இடைப்பட்ட அகலத்தில் பலகைகள் விற்கிறார்கள். அந்தத் துறையில் வழக்கமாகச் சொல்லப்படும் அறிவுரை, பெரும்பாலான நேரம் எந்தப் பனியில் கழியுமோ அதற்கேற்ற அகலத்தை எடு என்பதுதான். அகலமான பலகை ஆழப்பனியில் மிதக்க உதவும். ஆனால் பனிச்சரிவு கிளம்பினால் எந்த அகலமும் காப்பாற்றாது. 2023 பிப்ரவரி 1 அன்று அஃபர்வட்டில் நிகழ்ந்த பனிச்சரிவில் போலந்து நாட்டவர் இருவர் இறந்தார்கள். கருவி தரும் தைரியம் வேறு, கருவி தரும் பாதுகாப்பு வேறு. கொல்லிமலையில் பட்டன் டயர் தருவதும் பெரும்பாலும் தைரியத்தைத்தான்.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சுற்றுலா வருகிறவருக்கு மண் பாதை பொழுதுபோக்கு. தோட்டக்காரருக்கு அது பிழைப்பு. மழைக்காலத்தில் வண்டி மேட்டில் ஏறாவிட்டால் மரவள்ளி மூட்டை தோட்டத்திலேயே கிடக்கும், பிள்ளை பள்ளிக்குப் போக முடியாது, நோயாளியைத் தூக்கித்தான் வர வேண்டும். இது நியாயமான கவலை. இதற்கு நம் ஊர் மெக்கானிக்குகளின் பழைய வழக்கத்திலேயே விடை இருக்கிறது: முன்னால் நீளவாக்கில் பள்ளங்கள் ஓடும் ரிப் டயர், பின்னால் கட்டிகள் நெருக்கமாக உள்ள டயர். மேட்டில் தள்ளுவது பின்சக்கரம், இறக்கத்தில் நிறுத்துவதும் திருப்புவதும் பெரும்பாலும் முன்சக்கரம். எனவே மண்ணுக்கான சலுகையைப் பின்சக்கரத்துக்கு மட்டும் கொடுக்கலாம். அங்கும் கட்டிகளுக்கிடையே இடைவெளி குறைவாக இருக்க வேண்டும். முன்சக்கரத்தில் சமரசம் கூடாது. காற்றிலும் கவனம் தேவை. சேற்றில் காற்றைச் சற்றுக் குறைத்தால் டயர் அகன்று பிடிக்கும் என்பது சரி. அப்படியே தார்ச்சாலையில் இறங்கினால் வண்டி அலையும், டியூப் உள்ளே நழுவி வால்வு கிழியும். குறைத்தவர் இறங்கும் முன் காற்றைப் பழைய அளவுக்கு நிரப்பியாக வேண்டும்.

இன்னொரு மறுப்பு அனுபவத்திலிருந்து வருகிறது. 1980-இல் டிவிஎஸ் 50 வந்த காலம் தொட்டு, இன்றைய எக்ஸ்எல் வரை, சன்னமான டயரோடு மூட்டை மூட்டையாக மலையில் ஏற்றி இறக்குகிறார்களே, டயரைப் பற்றி இவ்வளவு பேச என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அவர்களுடைய திறமையை மறுக்க முடியாது. ஆனால் அந்த அனுபவம் என் வாதத்துக்குத்தான் சான்று. முரட்டு டயர் இல்லாமலே, நிதானத்தாலும் பழக்கத்தாலும் மண் பாதையைக் கடக்க முடியும் என்பதை அவர்கள் தினமும் காட்டுகிறார்கள். தார் இறக்கத்திலோ டயரின் பிடி போதாதபோது பழக்கம் ஓரளவுக்குத்தான் கைகொடுக்கும். அந்த வண்டிகளில் உண்மையான ஆபத்து வேறு: மொட்டையாகத் தேய்ந்தபிறகும் ஓடும் டயர். மத்திய மோட்டார் வாகன விதிகள் இருசக்கர டயருக்குக் குறைந்தது 0.8 மில்லிமீட்டர் பள்ளம் இருக்க வேண்டும் என்கின்றன. அது சட்டத்தின் கடைசி எல்லை. மழையில் நனைந்த மலைச்சாலைக்கு அந்த அளவு போதும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்கு முன்பே டயரை மாற்றிவிட வேண்டும்.

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன், ஹீரோ எக்ஸ்பல்ஸ் போன்ற வண்டிகள் கம்பெனியிலிருந்தே இரண்டு தரைக்குமான டயரோடு வருகின்றனவே என்றும் கேட்பார்கள். வருகின்றன, அந்த டயர்களைக் கூர்ந்து பார்த்தால் கட்டிகள் நெருக்கமாக, தாருக்குச் சாதகமாகவே வார்க்கப்பட்டிருப்பது தெரியும். வண்டியை வடிவமைத்தவர்களே அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறார்கள். வண்டி வாங்கியபிறகு அதைக் கழற்றிவிட்டு இன்னும் முரட்டு டயர் மாட்டும் மோகத்தில்தான் கோளாறு இருக்கிறது. தயாரிப்பாளர் நிர்ணயித்த அடிப்படை வடிவமைப்பை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கடையில் டயர் வாங்கும்போது அதன் பக்கவாட்டைப் படிக்கப் பழக வேண்டும். அளவு, எடைக் குறியீடு, வேகக் குறியீடு ஆகியவை வண்டியின் கையேட்டோடு பொருந்த வேண்டும். கடைசியில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும்: 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். பல ஆண்டுகள் கிடந்த ரப்பர் பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் இறுகிப்போயிருக்கும். 'என்.எச்.எஸ்.' என்று பொறித்திருந்தால் அது சாலைக்கான டயரே அல்ல.

ஆனால் வாங்குபவர் எவ்வளவு படித்தாலும், அவருக்கு மிகவும் தேவையான தகவல் அந்த ரப்பரில் இல்லை. ஈரச்சாலையில் இந்த டயர் எவ்வளவு பிடிக்கும்? 2022 ஜூனில் மத்திய அரசு ஈரப்பிடிப்பு, உருளும் தடை, இரைச்சல் ஆகியவற்றுக்கு விதி வகுத்தது. அது கார், பேருந்து, லாரி டயர்களோடு நின்றுவிட்டது. சாலையில் அதிகம் சாகிறவர்கள் ஓட்டும் வண்டியின் டயருக்கு அந்த அளவுகோல் இல்லை. ஐரோப்பாவிலும் மோட்டார் சைக்கிள் டயருக்கு அத்தகைய முத்திரை கிடையாதே என்று இதற்குப் பதில் சொல்லலாம். அங்கே பெரும்பாலோருக்கு அது ஓய்வுநேர வாகனம்; இங்கே அது குடும்பத்தின் வண்டி, விவசாயியின் சரக்கு வண்டி, அவசரத்துக்கு ஆம்புலன்ஸ். நம் தேவைக்கு நாமே விதி செய்ய வேண்டும். தொழில்நுட்பத்துக்கும் குறைவில்லை: 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய எம்ஆர்எஃப், மதுரையில் இருசக்கர டயர் செய்யும் டிவிஎஸ் ஸ்ரீசக்ரா என்று பெரிய ஆலைகள் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன. டயர் செய்யும் மாநிலம் என்ற உரிமையோடு தமிழ்நாடு அரசே இந்தக் கோரிக்கையை மத்திய அரசிடம் வைக்கலாம்.

அதோடு, மண் பாதை ஏன் இன்னும் மண் பாதையாகவே இருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். காட்டு நிலம் குறுக்கிடுகிறது என்பது வழக்கமான விடை. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், கிராம சபை பரிந்துரைத்தால் சாலை உள்ளிட்ட ஊர்த்தேவைகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்கு உட்பட்ட வன நிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், ஒதுக்க வழி தந்திருக்கிறது. மலைக் கிராம சபைகள் அந்தப் பிரிவைப் பயன்படுத்தித் தீர்மானம் போட வேண்டும். மாவட்ட நிர்வாகம் அதைக் கிடப்பில் போடாமல் முடித்துத் தர வேண்டும். சாலை வரும்வரை மலைமக்கள் இரண்டு தரையிலும் ஓட்டித்தான் ஆக வேண்டும். அதுவரை மழைக்காலம் தொடங்கும் முன் முன்சக்கரத்தைக் குனிந்து பாருங்கள். தேய்ந்திருந்தால் அடுத்த செலவைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் அதை மாற்றுங்கள். மாற்றும்போது தாருக்கான டயரையே கேட்டு வாங்குங்கள்.