18 வயதில் எம்.பி. ஆகலாம், பீர் வாங்க முடியாது

மாணவர்களே, நம் நாட்டில் 18 வயது நிரம்பியவர் பொதுத் தேர்தலில் வாக்களிக்கலாம். வேட்பாளராக நின்று நாடாளுமன்றத்துக்கும் போகலாம். ஆனால் அந்த இளம் எம்.பி. முஸ்லிம் அல்லாதவராகவே இருந்தாலும், ஈப்போவில் ஒரு கடைக்குப் போய் ஒரு டின் பீர் கேட்டால் கடைக்காரர் விற்கக் கூடாது. அதற்கு 21 வயது ஆக வேண்டும். 'அப்படியானால் மது வாங்கும் வயதை மறுபடியும் 18 ஆக்கிவிட்டால் என்ன?' என்ற கேள்வி இங்கிருந்துதான் பிறக்கிறது. விவாத மேடைக்குச் சுவையான தலைப்பு. பேராவின் தோட்டப்புறத்திலிருந்து வந்தவர்களுக்கு இது வெறும் மேடைத் தலைப்பு இல்லை.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 2017 நவம்பர் வரை மது வாங்கும் வயது 18 ஆகத்தான் இருந்தது. 1985ஆம் ஆண்டின் உணவு விதிமுறைகள் 2016இல் திருத்தப்பட்டன. 2017 டிசம்பர் 1 முதல் வயது 21 ஆனது. அப்போது சுகாதார அமைச்சராக இருந்தவர் டாக்டர் எஸ். சுப்ரமணியம். சரியாக இரண்டாண்டுகூட ஆகவில்லை, 2019 ஜூலை 16இல் வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18 ஆகக் குறைக்கும் அரசமைப்புத் திருத்தத்தை மக்களவை நிறைவேற்றியது. அது 2021 டிசம்பர் 15இல் நடப்புக்கு வந்தது. ஒரு வயது மேலே ஏறியது, இன்னொன்று கீழே இறங்கியது. இரண்டையும் யாரும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

18 போதும் என்பவர்களின் வாதத்தை லேசாக ஒதுக்கிவிட முடியாது. 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயதில் ஒருவர் பெரியவர். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாம். நாட்டை ஆள்வது யார் என்று தீர்மானிக்கும் பக்குவம் உள்ளவருக்கு, தான் எதைக் குடிப்பது என்று தீர்மானிக்கும் பக்குவம் இருக்காதா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

ஆனால் நம் சட்டம் எல்லாவற்றுக்கும் ஒரே வயதை வைத்ததே கிடையாது. 16 வயதில் மோட்டார் சைக்கிள் உரிமம், 17இல் கார் உரிமம். 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி 21 வயது ஆகாதவர் திருமணப் பதிவுக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். எந்தச் செயலில் எவ்வளவு ஆபத்து என்று பார்த்துத்தான் வயது வைக்கப்படுகிறது. ஆகவே 'ஓட்டுக்கு 18 என்றால் பீருக்கும் 18' என்பது கேட்க நன்றாக இருந்தாலும், தனியாக நிற்கும் வாதம் அல்ல.

இதே வாதத்தை அமெரிக்கா நடைமுறையில் சோதித்துப் பார்த்திருக்கிறது. 1971இல் அங்கே வாக்களிக்கும் வயது 18 ஆனது. அதையொட்டிப் பல மாநிலங்கள் மது வாங்கும் வயதையும் குறைத்தன. பிறகு இளம் ஓட்டுநர்களின் சாலை விபத்துகள் கூடின. 1984இல் மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது: 21க்குக் கீழே வயது வைக்கும் மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பகுதி கிடையாது. 1988க்குள் எல்லா மாநிலங்களும் 21க்குத் திரும்பிவிட்டன. நியூசிலாந்து 1999இல் 20இலிருந்து 18 ஆகக் குறைத்தது. பிறகு அதை மீண்டும் உயர்த்தும் முயற்சிகள் அங்கே தோற்றுப்போயின. ஒருமுறை இறக்கினால் ஏற்றுவது சுலபமில்லை.

நம் சாலைகளில் வழக்கமான ஓர் ஆண்டில் ஏறக்குறைய 6,000 பேர் இறக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டுவோருக்கு எதிரான சட்டம் 2020இல் கடுமையாக்கப்பட்டது. 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 80 மில்லிகிராம் என்றிருந்த மதுவின் அளவு 50 ஆகக் குறைந்தது. எஸ்.பி.எம். முடித்த கையோடு மோட்டாரில் வேலைக்குப் போகும் நம் பையன்களை நினைத்துக்கொண்டு இந்த எண்களைப் படியுங்கள்.

இனி தோட்டத்துக்கு வருவோம். நான் வளர்ந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். இப்போது அங்கே செம்பனை நிற்கிறது. லயங்களில் இருந்தவர்களில் பாதிப் பேர் ஈப்போவின் ஓரத்துத் தாமான்களுக்குப் போய்விட்டார்கள். அந்தக் காலத்தில் எங்கள் வயசுப் பையன்கள் கடைக்கு ஓடினால் மீன் டின்னும் ரொட்டியும் மட்டும் வாங்கி வருவதில்லை. அப்பாவுக்கோ மாமாவுக்கோ ஒரு சிறு புட்டி சம்சுவும் வரும். கடைக்காரர் அடையாள அட்டை கேட்டதில்லை. யார் வீட்டுப் பிள்ளை என்று அவருக்குத் தெரியும். 555 நோட்டில் அரிசிக்குக் கீழே அதையும் எழுதிக்கொள்வார். சம்பளத்தன்று அம்மா அந்த நோட்டைப் பார்க்கும்போது வீட்டில் யாரும் பேச மாட்டோம்.

இது நேற்று தொடங்கிய கதை அல்ல. வெள்ளைக்காரர் காலத்தில் தோட்டத்திலேயே கள்ளுக்கடை இருந்தது. அதில் வந்த லாபத்திலிருந்து தொழிலாளர் நலனுக்குச் செலவிட 'கள்ளு நிதி' என்று ஒன்றும் இருந்தது. தொழிலாளி குடித்த காசிலேயே தொழிலாளிக்கு நன்மை! 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு சேர்த்துக் கள்ளுக்கடைகளை மூடவும் கேட்டார்கள். போருக்குப் பிறகு கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடை முன் மறியல் செய்தார்கள். 1947இல் பீடோங்கில் அது போலீசாருடன் மோதலில் முடிந்தது. குடிக்கும் உரிமையைவிட, குடி கையெட்டும் தூரத்தில் இல்லாமல் இருக்கும் உரிமைக்காகவே அவர்கள் போராடினார்கள். கள்ளு போன இடத்தில் மலிவு சம்சு வந்தது. அதை எதிர்த்துப் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகள் குரல் கொடுத்தது.

2016ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வயதைவிட முக்கியமான ஒன்று இருந்ததாக நான் நினைக்கிறேன். சம்சு வகை மதுவைக் கண்ணாடிப் புட்டியில், 700 மில்லிலிட்டருக்குக் குறையாமல்தான் விற்க வேண்டும் என்ற விதி அது. நாசி லெமாக் காசுக்குக் கிடைத்த சிறு புட்டிதான் பள்ளிப் பையனின் கைக்கு வந்தது. விலை ஏறினால் அவன் கைக்கு எட்டாது. இதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு. விலை ஏறும்போது கள்ளச் சரக்குக்கு வழி பிறக்கிறது. 2018 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள்.

வயது 21 ஆகவே இருக்கட்டும் என்பதுதான் என் கருத்து. ஆனால் 21 என்று எழுதிவிட்டதாலேயே காரியம் முடிந்தது என்று நம்பவும் முடியவில்லை. இந்த விதி கட்டிப்போடுவது விற்பவரை. ஈப்போவின் பெரிய பேரங்காடியில் காசாளர் அடையாள அட்டை கேட்கிறார். புந்தோங்கிலோ தாப்பாவிலோ ஒரு சந்துக் கடையில் யார் கேட்பது? அமலாக்கம் சுகாதார அமைச்சின் கையில். உணவகச் சுத்தம் பார்ப்பதும் அதே அதிகாரிகளின் வேலைதான்.

போன தீபாவளிக்கு எங்கள் பழைய தோட்டத்துக் கடைக்குப் போயிருந்தேன். 21 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கு மது விற்கப்படாது என்ற அறிவிப்பு சுவரில் ஒட்டியிருந்தது. அதன் முன்னால் பீர்ப் பெட்டிகள் அடுக்கியிருந்ததால் பாதி மறைந்திருந்தது. "இதெல்லாம் பார்க்கிறீங்களா அண்ணே?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "நம்ம பிள்ளைங்கதானே தம்பி, எல்லாம் தெரிஞ்ச முகம்" என்றார்.