புரதத்தைப் பார்த்தது உண்டா?

பருப்பில் புரதம் இருக்கிறது. முட்டையிலும் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படிக்கிறோம்.

ஆனால், புரதம் எப்படி இருக்கும்? யாராவது பார்த்தது உண்டா?

புரதம் ஒரு மணிமாலை. அமினோ அமிலம் என்னும் 20 வகை மணிகளைக் கோத்த மாலை. அது சுருண்டு, மடிந்து, ஓர் உருவம் பெறுகிறது. சாவிக்குப் பல் எப்படியோ, புரதத்துக்கு உருவம் அப்படி. உருவம் கெட்டால் வேலையும் கெடும்!

ரத்தத்தின் சிவப்பு அணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் நோய் ஒன்று உண்டு. காரணம் என்ன? ஹீமோகுளோபின் என்ற புரதத்தில், 146 மணிகள் கொண்ட சரத்தில், ஒரே ஒரு மணி மாறிவிடுகிறது. அவ்வளவுதான்!

கம்பிக் காடு

இங்கிலாந்து விஞ்ஞானி ஜான் கென்ட்ரூ, தசையில் உள்ள மயோகுளோபின் என்ற புரதத்தின் உருவத்தைக் கண்டுபிடித்தார். அதை எப்படிக் காட்டுவது? காடு போலக் கம்பிகளை நட்டுக் காட்டினார்! 1962-ம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அதே காலத்தில் அமெரிக்காவில் சைரஸ் லெவிந்தால் என்ற விஞ்ஞானி, புரதத்தைக் கம்ப்யூட்டர் திரைக்குக் கொண்டுவந்தார். கையில் ஓர் உருண்டையைத் திருப்பினால், திரையில் புரதமும் திரும்பியது!

விளையாட்டில் வெற்றி

2008-ம் ஆண்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார், திரையில் புரதத்தை மடிக்கும் 'ஃபோல்டிட்' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். யார் வேண்டுமானாலும் ஆடலாம்.

குரங்குகளைத் தாக்கும் ஒரு வைரசின் புரதம், 10 ஆண்டுகளுக்கு மேல் விஞ்ஞானிகளுக்குப் பிடிபடாமல் இருந்தது. ஆட்டக்காரர்கள் சுமார் 3 வாரத்தில் அதற்கு மாதிரி அமைத்துவிட்டார்கள்! அதைக் கொண்டு விஞ்ஞானிகள் உண்மை உருவத்தைக் கண்டார்கள். 2011-ம் ஆண்டில் உலகமே வியந்தது.

இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. அறிவு, ஆராய்ச்சிக் கூடத்துக்கு மட்டும் சொந்தமல்ல. சாதாரணக் கண்ணும் உதவும். ஆனால், அந்தக் கண்ணுக்குக் காட்ட வேண்டும்!

1971-ம் ஆண்டில் 7 புரதங்களுடன் தொடங்கிய 'புரோட்டீன் டேட்டா பாங்க்' என்ற களஞ்சியத்தில், இன்று 2 லட்சத்துக்கும் அதிகமான உருவங்கள் உள்ளன. பார்க்கக் காசு வேண்டாம்.

பிறகு ஏன் பிள்ளைகள் வெறும் பெயரை மனப்பாடம் செய்ய வேண்டும்? வகுப்பில் ஒரு திரை இருந்தால் போதும். ஆசிரியர் புரதத்தைச் சுழற்றிக் காட்டட்டும். பிள்ளைகளும் சுழற்றிப் பார்க்கட்டும்.

அதைப் பார்க்கும் கண்களில், நாளை மருந்து கண்டுபிடிக்கப் போகும் கண் எது? யார் கண்டது!