உதட்டில் கொப்புளம் வந்தால் வாக்கிங் போகக் கூடாதா?

காய்ச்சலோ, அலைச்சலோ, மாதவிலக்கோ வந்தால் போதும், சிலருக்கு உதட்டோரம் பொடிப் பொடியாய்க் கொப்புளம் கிளம்பிவிடும். "உடம்புச் சூடு! காலங்காத்தால நடக்கப் போனா இப்படித்தான்" என்று வீட்டில் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். நாமும் நடையை நிறுத்திவிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறோம். ஒருமுறை விட்டால் மறுபடி தொடங்குவது லேசா என்ன?

இதற்குக் காரணம் சூடு அல்ல, ஹெர்பிஸ் என்ற வைரஸ். பெரும்பாலும் சின்ன வயதிலேயே ஒட்டிக்கொள்வது; வெட்கப்பட எதுவுமில்லை. நரம்பில் ஒளிந்திருந்து, உடல் சோர்ந்த நேரம் பார்த்துத் தலைகாட்டும். கடும் வெயிலும் தூக்கமின்மையும் அதைக் கிளப்பிவிடும். அளவான நடையால் கெடுதல் இல்லை. வெயில் ஏறுமுன் அரை மணி நேரம் தாராளமாக நடக்கலாம். காய்ச்சல், அசதி இருந்தால் மட்டும் ஓய்வு எடுங்கள்.

கவனிக்க வேண்டியது வேறு. வியர்வை துடைக்கும் துண்டும் தண்ணீர் பாட்டிலும் தனியாக இருக்கட்டும். புண்ணைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணில் வைக்காதீர்கள். பச்சிளங்குழந்தைக்கு முத்தம் கூடவே கூடாது. அதன் உயிருக்கே ஆபத்தாகலாம். உதடு குறுகுறுக்கும்போதே டாக்டரிடம் போனால் அசைக்ளோவிர் எழுதித் தருவார். அந்த மருந்து, 1988-ல் நோபல் பரிசு பெற்ற கெர்ட்ரூட் எலியன் என்ற பெண்மணியின் ஆய்வுக் குழு தந்தது.

சகோதரிகளே, கொப்புளம் பத்து நாளில் உதிர்ந்துவிடும். நடக்கிற பழக்கத்தை அதோடு உதிர விட்டுடாதீங்க!

- ஒரு வாசகி