பருத்தி மருந்து நாய்க்கு மருந்தல்ல

நம் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் பருத்தியும் மக்காச்சோளமும் போடாத ஊர் குறைவு. அதனால் பல வீடுகளில் மாட்டுக்கொட்டகை மூலையில் பாதி மீந்த பூச்சி மருந்து பாட்டில் ஒன்று கிடக்கும். நாய்க்கு உண்ணி பிடித்தாலும், தெள்ளு ஏறினாலும் கை அந்த பாட்டிலுக்குத்தான் போகிறது. ஒரு மூடி மருந்து, ஒரு வாளி தண்ணீர், ஒரு பழந்துணி. "ஒரே நாள்ல அத்தனையும் உதிர்ந்துடும் சார்" என்று பெருமை வேறு. இது வைத்தியம் இல்லை, வாயில்லா ஜீவனுக்கு விஷம் வைப்பது என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.

மோனோகுரோட்டோபாஸ் மருந்தைக் காய்கறிப் பயிர்களுக்கு அடிக்கக் கூடாது என்று 2005-லேயே மத்திய அரசு தடை செய்துவிட்டது. கத்தரிக்காய்க்கே ஆகாததை நாயின் தோலில் தேய்க்கலாமா? கத்தரிச் செடி தன்னைத்தானே நக்கிக்கொள்ளாது. நாய் நக்கும். அந்த நாயைத்தான் விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளை கட்டிக்கொண்டு உருளும்.

2017-ல் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகள் செத்ததைப் படித்தோம். அதே ஆண்டு நம் பெரம்பலூர் மாவட்டத்திலும் மருந்தடித்தவர்கள் இறந்தார்கள். ஆறடி ஆளையே சாய்ப்பது பத்துப் பதினைந்து கிலோ நாயை என்ன செய்யும்? எச்சில் ஒழுகும், உடம்பு நடுங்கும், வாந்தி வரும், வலிப்பு கண்டு விழும். "எங்க நாய்க்கு ஒண்ணும் ஆகலையே" என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். தப்பித்தது நாயின் அதிர்ஷ்டம், உங்கள் வைத்தியம் அல்ல.

சரி, பூச்சியாவது ஒழிகிறதா? அதுவும் இல்லை. தெள்ளு நாளொன்றுக்கு இருபது முதல் ஐம்பது முட்டை வரை இடும். அவை நாயின் மேல் தங்காமல் அது படுக்கிற சாக்கிலும் தரை வெடிப்பிலும் உதிர்ந்துவிடும். கூட்டுப்புழுவாக மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும். உண்ணியோ ரத்தம் குடித்துப் பெருத்ததும் இறங்கிப் போய்ச் சுவர் இடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயை மட்டும் கழுவுவது, குழாயை மூடாமல் தரையைத் துடைப்பது போலத்தான்.

இன்னொரு கூட்டம், "உண்ணிக் காய்ச்சல் வந்துடும்" என்று பயந்து நாயைச் சாக்கில் கட்டி ஊருக்கு வெளியே விட்டுவிட்டு வருகிறது. மழைக்காலத்தில் நாம் உண்ணிக் காய்ச்சல் என்று சொல்வது, புதர்களில் எலிகளைச் சார்ந்து வாழும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சு கடிப்பதால் வருவது. நாயின் காதில் தொங்கும் உண்ணி வேறு. அதைக் கையால் நசுக்கக் கூடாது என்பது உண்மை. அதற்காக நாயைத் துரத்துவது அநியாயம். அந்த உண்ணியால் முதலில் சாவது நாய்தான். காய்ச்சல், ஈறு வெளுப்பது, மூக்கில் ரத்தம், சோறு தின்னாமை என்று கண்டால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

செலவாகுமே என்பீர்கள். ஆடு மாட்டுக்குப் போகிற அதே அரசு கால்நடை மருந்தகத்தில் நாயையும் பார்ப்பார்கள். எடைக்குத் தகுந்த மாத்திரையோ, பிடரியில் விடும் சொட்டு மருந்தோ எழுதித் தருவார்கள். குட்டிக்கும் சினை நாய்க்கும் கேட்காமல் எதுவும் போடாதீர்கள். நாய்க்கான சில சொட்டு மருந்துகள் பூனையைக் கொன்றுவிடும்.

மற்றதெல்லாம் காசில்லாத வேலை. பேன் சீப்பால் வாரி, வருகிற தெள்ளைச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். சாக்கை வாரம் ஒருமுறை கொதிநீரில் அலசி, நம் ஊர் வெயிலில் காயப் போடுங்கள். கொட்டகையைக் கூட்டி, சுவர் வெடிப்பைப் பூசுங்கள். நாய் ஒன்றில் மட்டும் பூச்சி தெரிந்தாலும் வீட்டிலுள்ள எல்லா நாய்க்கும் சேர்த்தே மருந்து போடுங்கள். மாதக்கணக்கில் விடாமல் செய்தால்தான் பலன்.

ராத்திரி முழுக்கக் கண்விழித்து நம் வாசலைக் காப்பது அது. மீந்த பருத்தி மருந்தைப் பூட்டி வையுங்கள். அது நாய்க்குக் கொடுக்கிற கூலி அல்ல.