கையெழுத்துப் போட்டாலும் வீடு உங்களுடையதுதான்

இங்கிலாந்தில் வீடு விற்கக் கிளம்பும் நம்மவர்களிடம் ஒரு பேச்சு வேரோடிப் போயிருக்கிறது: ஏஜென்டிடம் கையெழுத்துப் போட்டாயிற்றா, அவ்வளவுதான், இனிச் சித்தப்பா மகனே வந்து வாங்கினாலும் கமிஷன் கட்டித்தான் ஆகவேண்டும். ஈஸ்ட்ஹாமிலும் ஹாரோவிலும், கோயிலிலோ கல்யாண வீட்டிலோ பேச்சுவாக்கில் வீட்டுக்கு ஆள் கிடைத்துவிடுகிற சமூகத்துக்கு இது சின்ன விஷயமல்ல. 4 லட்சம் பவுண்டு வீட்டுக்கு ஒன்றரை சதவீதக் கமிஷன் என்றால் 6,000 பவுண்டு; 20 சதவீத வாட் சேர்ந்தால் 7,200. இந்தப் பேச்சை நம்பிச் சிலர் கட்டத் தேவையில்லாத பணத்தைக் கட்டுகிறார்கள். வேறு சிலர், கமிஷனுக்குப் பயந்து, தேடிவந்த நல்ல ஆளைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

இந்தப் பேச்சு முழுப் பொய்யுமல்ல. ஒரே ஒரு வகை ஒப்பந்தத்துக்குச் சரியாக இருப்பதை எல்லா ஒப்பந்தத்துக்கும் நீட்டியதில்தான் கோளாறு. இங்கிலாந்து, வேல்ஸ் சட்டத்தை வைத்து இதன் கூறுகளைத் தனித்தனியே பார்ப்போம்.

"ஒப்பந்தக் காலத்தில் உரிமையாளர் தானாக விற்கக் கூடாது"

இந்தக் கேள்வி நீதிமன்றத்துக்குப் போய்த் தீர்ந்து தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. 1931இல் பதிவான பென்டால், ஹார்ஸ்லி அண்ட் பால்ட்ரி எதிர் விக்கரி வழக்கில், ஒரு நிறுவனத்தைக் குறிப்பிட்ட காலத்துக்குத் தன் ஒரே ஏஜென்டாக நியமித்த உரிமையாளர், அந்தக் காலத்துக்குள்ளேயே தானாக ஆள் பிடித்து விற்றுவிட்டார். கமிஷன் கொடு, இல்லையேல் நஷ்டஈடு கொடு என்று ஏஜென்டுகள் வழக்குப் போட்டார்கள். இரண்டும் இல்லை என்றார் நீதிபதி மக்கார்டி. ஒரே ஏஜென்ட் என்று நியமிப்பது இன்னொரு ஏஜென்டை நியமிக்க மாட்டேன் என்ற வாக்குறுதிதான். தன் சொத்தைத் தானே விற்கும் உரிமையை அது பறிக்காது. அந்த உரிமையைப் பறிக்க வேண்டுமானால் ஒப்பந்தம் அதை வாய்திறந்து சொல்ல வேண்டும்.

"யார் வாங்கினாலும் கமிஷன் உண்டு"

இங்கேதான் இரண்டு வகை ஒப்பந்தங்களையும் பிரித்துப் பார்க்க வேண்டும். சோல் ஏஜென்சி என்பது ஒன்று; சோல் செல்லிங் ரைட்ஸ் என்பது மற்றொன்று. காதுக்கு ஒன்றுபோல் கேட்டாலும், இரண்டுக்கும் நடுவே மேலே சொன்ன 7,200 பவுண்டு கிடக்கிறது. ஒவ்வொன்றையும் எந்த வாசகத்தில் விளக்க வேண்டும் என்று 1991ஆம் ஆண்டின் எஸ்டேட் ஏஜென்டுகள் விதிமுறைகளே எழுதிக் கொடுத்திருக்கின்றன. சோல் ஏஜென்சியில், அந்த ஏஜென்ட் அறிமுகப்படுத்திய அல்லது வீட்டைப் பற்றி அவரோடு பேச்சு நடத்திய ஆள் வாங்கினால் கமிஷன். அந்தக் காலத்தில் வேறொரு ஏஜென்ட் கொண்டுவந்த ஆள் வாங்கினாலும் கமிஷன். நீங்களே கண்டுபிடித்த ஆளைப் பற்றி அந்த வாசகத்தில் ஒரு சொல்கூட இல்லை. சோல் செல்லிங் ரைட்ஸில்தான், வாங்குபவரை உரிமையாளரே கண்டுபிடித்தாலும் கமிஷன் உண்டு என்று வெளிப்படையாக வருகிறது. சித்தப்பா மகன் கதை இந்த இரண்டாம் வகைக்கு மட்டுமே பொருந்தும்.

ஒரு எச்சரிக்கை. தனியாக விற்கிறேன் என்று நினைத்து இணைய ஏஜென்சி ஒன்றில் பணம் கட்டி வீட்டைப் பட்டியலிடுகிறவர்கள் உண்டு. சட்டத்தின் கண்ணில் அதுவும் ஏஜென்ட்தான். சோல் ஏஜென்சி நடப்பில் இருக்கும்போது அந்த வழியில் ஆள் வந்தால், இரண்டு பக்கமும் கட்ட நேரிடும்.

"ஏஜென்ட் ஒருமுறை வீட்டைக் காட்டிவிட்டால் அந்த ஆள் அவருடைய ஆள்"

2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பாக்ஸ்டன்ஸ் எதிர் பெல்கி பிக்னல் வழக்கில் இதை மறுத்தது. பாக்ஸ்டன்ஸ் மூலம் வீட்டைப் பார்த்த ஒரு பெண் அப்போது அதில் நாட்டம் காட்டவில்லை. பிறகு வேறு ஏஜென்ட் வழியாகத் திரும்பி வந்து வாங்கினார். முதலில் காட்டியவர்கள் நாங்கள்தானே என்று பாக்ஸ்டன்ஸ் கமிஷன் கேட்டது. வீட்டுக்கு அறிமுகப்படுத்துவது போதாது, வாங்குவதற்கு அறிமுகப்படுத்தியிருக்க வேண்டும். விற்பனை நடக்கக் காரணமாக இருந்தது யார் என்பதே கேள்வி என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இதே அளவுகோல் உங்களுக்கு எதிராகவும் திரும்பும். பக்கத்துத் தெருக்காரர் ஏஜென்ட் நட்ட பலகையையோ ரைட்மூவ் இணையதள விளம்பரத்தையோ பார்த்துவிட்டு உங்கள் கதவைத் தட்டினால், அவரை நீங்களே கண்டுபிடித்ததாகச் சொல்வது கடினம். பலகை நடுவதற்கு முன்பே அவர் கேட்டுக்கொண்டிருந்தார் என்றால், அதைக் காட்டும் வாட்ஸ்அப் செய்தியை அழிக்காமல் வையுங்கள்.

"படிக்காமல் கையெழுத்துப் போட்டால் தப்பவே வழியில்லை"

எந்தச் சூழ்நிலையில் எவ்வளவு கமிஷன் என்பதை ஒப்பந்தத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்கும் கடமையை 1979ஆம் ஆண்டின் எஸ்டேட் ஏஜென்டுகள் சட்டம், பிரிவு 18, ஏஜென்டின் தலையில்தான் வைக்கிறது. தெரிவிக்காவிட்டால், நீதிமன்ற ஆணையில்லாமல் அந்தப் பணத்தை வசூலிக்க முடியாது; நீதிமன்றம் தொகையைக் குறைக்கலாம், மறுக்கவும் செய்யலாம். 2019இல் உச்ச நீதிமன்றம் வரை போன வெல்ஸ் எதிர் தேவானி வழக்கில் ஏஜென்ட் ஜெயித்தார். ஆனால் விவரங்களை நேரத்தில் எழுதிக் கொடுக்காததற்காகக் கமிஷனில் மூன்றில் ஒரு பங்கு வெட்டுப்பட்டது.

இன்னொரு வாசலும் உண்டு. வீட்டு மேசையில் உட்கார்ந்தோ மின்னஞ்சல் வழியாகவோ செய்த ஒப்பந்தம் என்றால், 2013ஆம் ஆண்டு நுகர்வோர் விதிமுறைகளின்படி 14 நாளுக்குள் ரத்து செய்யலாம். இந்த உரிமையை ஏஜென்ட் சொல்லாமல் விட்டால் கெடு 12 மாதம் வரை நீளும். அந்த 14 நாளுக்குள்ளேயே வேலையைத் தொடங்கச் சொல்லி நீங்கள் எழுதிக் கொடுத்திருந்தால், செய்த வேலைக்குப் பணம் கேட்கப்படலாம், அதையும் கவனியுங்கள்.

"கமிஷன் தராவிட்டால் ஏஜென்ட் விற்பனையையே நிறுத்திவிடுவார்"

எதை வைத்து நிறுத்துவார்? வழக்கமான ஒப்பந்தத்தில் ஏஜென்டுக்கு வீட்டின்மேல் உரிமை எதுவும் இல்லை. அவர் கேட்பது வெறும் கடன். விற்ற பணத்திலிருந்து சொலிசிட்டர் கமிஷனைக் கட்டுவதும் உங்கள் சம்மதத்தின் பேரில்தான். சண்டை வந்தால் அவர் கவுன்டி கோர்ட்டுக்குப் போகலாம். நீங்கள் ஏஜென்டிடம் முறைப்படி புகார் கொடுத்துவிட்டு, தீராவிட்டால் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். வீடு விற்கும் ஏஜென்டுகள் குறைதீர்ப்புத் திட்டம் ஒன்றில் கட்டாயம் சேர்ந்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

"உழைத்தவருக்குக் கொடுக்காமல் விடுவது நியாயமா?"

கடைசியில் வாதம் இங்கேதான் வந்து நிற்கும். படம் எடுத்தார், விளம்பரத்துக்குச் செலவழித்தார், வெறுங்கையோடு அனுப்பலாமா? இதற்கான பதில் 1941ஆம் ஆண்டு லக்சர் எதிர் கூப்பர் தீர்ப்பில் இருக்கிறது. ஈஸ்ட்போர்ன் பக்கத்துத் திரையரங்குகளை விற்றுக் கொடுத்தால் 10,000 பவுண்டு என்று பேச்சு. ஏஜென்ட் ஆள் கொண்டுவந்தார், விற்பனை முடியவில்லை. எட்டொன்பது நாள் வேலைக்கு லார்ட் சான்சலரின் ஓராண்டுச் சம்பளம் கூலியாகக் கிடைக்கும் என்றால், அது கிடைக்காமல் போகும் ஆபத்தும் அந்தக் கூலிக்குள் அடக்கம் என்ற பொருளில் நீதிபதி லார்ட் ரஸ்ஸல் எழுதினார். கமிஷன் செலவுக்கணக்கு அல்ல, பந்தயம். விற்றால்தான் கூலி என்று விளம்பரம் செய்கிறவர், தாம் விற்காத வீட்டுக்கும் கூலி கேட்பது நியாயமாகாது.

நியாயம் மறுபக்கமும் உண்டு. ஏஜென்ட் கொண்டுவந்த ஆளோடு ரகசியமாகப் பேசி, ஒப்பந்தம் முடியும்வரை காத்திருந்து விற்பது கெட்டிக்காரத்தனம் அல்ல. ஒப்பந்தக் காலத்தில் அறிமுகமான ஆள் பிறகு வாங்கினாலும் கமிஷன் உண்டு என்கிறது சோல் ஏஜென்சி வாசகம்.

ஆகவே ஏஜென்ட் வந்து உட்கார்ந்ததும், எத்தனை சதவீதம் என்று பேரம் பேசுவதற்கு முன், "நானே ஆள் கொண்டுவந்தால் என்ன?" என்று கேளுங்கள். சோல் செல்லிங் ரைட்ஸ் என்றிருந்தால் அடித்துவிட்டு சோல் ஏஜென்சி என்று மாற்றச் சொல்லுங்கள். 'ரெடி, வில்லிங் அண்ட் ஏபிள் பர்ச்சேசர்' என்ற சொற்கள் இருந்தால் அவற்றையும் எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் விற்காமல் பின்வாங்கினாலும் பணம் கேட்கும் வாசகம் அது. ஏற்கெனவே உங்களிடம் கேட்டிருக்கும் உறவினர், நண்பர் பெயர்களை விலக்குப் பட்டியலாக ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். மறுக்கிற ஏஜென்டை விட்டுவிடலாம். அடுத்த தெருவில் இன்னொருவர் இருப்பார்.