சுக்கான் சொல்லும் கதை

உலகைச் சுற்றும் பாய்மரப் படகு கேப் ஹார்ன் முனையைத் தாண்டிவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்றே பலரும் நினைக்கிறார்கள்.

ஐ.என்.எஸ்.வி. தாரிணியின் கதை வேறு. 2017 செப்டம்பர் 10 அன்று வர்த்திகா ஜோஷி தலைமையில் ஆறு கடற்படைப் பெண்கள் கோவாவிலிருந்து உலகைச் சுற்றக் கிளம்பிய 55 அடிப் படகு அது. தென் பசிபிக் புயலுக்கு ஈடுகொடுத்த அதன் சுக்கான், கேப்டவுனைத் தாண்டி வீடு திரும்பும் வழியில் மக்கர் செய்தது. திட்டத்திலேயே இல்லாத மொரீஷியஸில் ஒதுங்கிப் பழுதுபார்த்த பிறகே வடக்கே நகர முடிந்தது.

அடுத்து நிலநடுக்கோடு. அங்கே தொல்லை புயல் அல்ல, காற்றில்லாமை. பாய் துவண்டு தொங்கும். படகு நின்ற இடத்திலேயே ஆடும்.

2018 மே 21 அன்று கோவாவில் அமைச்சர் நிர்மலா சீதாராமன் அவர்களை வரவேற்றார். 254 நாள் பயணம் அது. புயலைப் பற்றிக் கேட்கும் நாம், மொரீஷியஸின் போர்ட் லூயி துறைமுகத்தில் அவர்கள் காத்துக்கிடந்த நாட்களையும் கொஞ்சம் விசாரிக்கலாமே!